மன்னார்ப் பக்கம் போகிறவர்களுக்கு: வளைமூக்கு உள்ளானை எப்போது, எங்கே பார்க்கலாம்?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு டிக்கெட் போடும்போது நம்மில் பலர் இரண்டு கணக்கைத்தான் பார்ப்போம்: பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும். ஆவணியில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. நல்லூரில் கொடியேறும் அதே காலத்தில் வடக்குக் களப்புகளில் வேறொரு கூட்டமும் வந்திறங்கத் தொடங்கும். ரஷ்யாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பம் போன்ற மரமே இல்லாத பனிவெளிகளில் கோடையைக் கழித்துவிட்டு வரும் வளைமூக்கு உள்ளான் என்ற சின்னக் கரையோரப் பறவைதான் அது. ஒரு கோழிமுட்டையின் எடைதான் இருக்கும்.

இந்தப் பறவையைப் பார்க்கப் போகிறவர் முதலில் அதன் நாட்காட்டியைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்கும் பறவையே வேறாக இருக்கும்.

ஆனி மாதம் அங்கே பனி உருகியதும் ஜோடி சேரும். பெட்டை பெரும்பாலும் நான்கு முட்டை இடும். ஆணின் வேலை அத்தோடு சரி. முட்டை பொரிக்கும்வரைகூட நிற்காமல் தெற்கே கிளம்பிவிடும். ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் தாய் மட்டும்தான். குஞ்சுகள் பிறந்த கையோடு நடந்து, தாங்களே பூச்சி பிடித்துத் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் தாயும் போய்விடும். கடைசியில் அந்த இளசுகள் வழிகாட்ட ஒருவருமில்லாமல், பார்த்தே இராத ஊரை நோக்கி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்கின்றன.

ஆகவே ஆவணியில் போனால் முதலில் வந்திறங்கிய வளர்ந்த பறவைகளைத்தான் பார்ப்பீர்கள். செங்கல் நிறக் கோடைச் சட்டை இன்னும் முழுதாகக் கழன்றிருக்காது. நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்புத் திட்டுகள் தெரியும். புரட்டாசி, ஐப்பசியில் இளசுகள் வந்து சேரும். முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு கட்டியதுபோல் செதில் செதிலாக இருக்கும், நெஞ்சில் மங்கலான பழுப்பு ஓடும். மார்கழிக்குள் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகி, கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பங்குனியில் மறுபடி சிவக்கத் தொடங்கும். சித்திரை முடிவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். முதல் வருடத்துப் பறவைகளில் பல திரும்பிப் போகாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடுவதுண்டு. ஆனி, ஆடியில் போகிறவர்களும் ஒரேயடியாக ஏமாற வேண்டியதில்லை.

எந்த வருடம் இளசு அதிகம் வரும் என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. துந்திரா எனப்படும் அந்தப் பனிவெளிகளில் லெமிங் என்றொரு சின்ன எலி இனம் உண்டு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது பெருகும், பிறகு சட்டென்று குறையும். லெமிங் நிறைய இருக்கும் வருடம் ஆர்க்டிக் நரிகளுக்கு வயிறு நிறைந்துவிடும். உள்ளானின் கூட்டைத் தேடி அலையாது. லெமிங் குறைந்த வருடத்தில் நரியின் கண் முட்டையிலும் குஞ்சிலும் விழும். ஐப்பசியில் மன்னார்ப் பக்கத்து வங்காலைச் சேற்றில் இளசு எத்தனை என்பதை அங்கே எலிகள் தீர்மானிக்கின்றன!

என்னைக் கேட்டால், தை கடைசியிலிருந்து மாசி முடியும்வரை போவதுதான் நல்லது. நத்தார் விடுமுறையில் பறவைகள் இருக்கும், ஆனால் கார்த்திகை மார்கழி மழையில் களப்பு நிரம்பிக் கிடக்கும். கால் குட்டையான பறவைக்கு ஆழத் தண்ணீரில் வேலையில்லை, கூட்டம் ஓரங்களில் சிதறிவிடும். தையில் மழை ஓய்ந்து நீர் வற்ற வற்றச் சேறு வெளியே வரும், கூட்டமும் சேரும். திருக்கேதீஸ்வரத்துச் சிவராத்திரிக்கு எப்படியும் போகிற குடும்பம் என்றால் இன்னும் வசதி, வங்காலை அங்கிருந்து பக்கம்தான்.

சரி, அடையாளம் காண்பது எப்படி? களப்பில் சாம்பல் நிறச் சின்னப் பறவைகள் பல இனம் கலந்து நிற்கும், முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். மூக்கைப் பாருங்கள். கறுத்து, நீண்டு, நுனி கீழ்நோக்கிச் சீராக வளைந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். சிட்டுக்குருவி அளவில், குட்டை மூக்கோடு பரபரவென்று கொத்துவது கொசு உள்ளான். சிவந்த கால் பவளக்காலி. சற்று ஓடி, நின்று, குனிந்து ஒரு கொத்துக் கொத்தி மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. சந்தேகமாக இருந்தால் கூட்டம் எழும்பும்வரை பொறுத்திருங்கள். வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைத் திட்டு தெரிந்தால் வளைமூக்கு உள்ளான்.

மேயும்போது பைனாகுலரை ஒரே பறவையின் மேல் வைத்திருந்து பாருங்கள். வயிறு நனையுமளவு தண்ணீரில் இறங்கி, முகம் முழுகச் சேற்றுக்குள் மூக்கை விட்டு விட்டு எடுக்கும். அதன் மூக்கின் நுனியில் தொடு உணர்வு நிறைந்திருக்கிறது. சேற்றுக்குள் புழு எங்கே என்பதைக் கண்ணால் தேடத் தேவையில்லை. நுனியை மட்டும் தனியே திறந்து கவ்வவும் முடியும். இருட்டிலும் மேய்வது அதனால்தான். பகலில் ஒரு கூட்டம் ஒற்றைக் காலில் நின்று தூங்கினால் நோயோ என்று பயப்படாதீர்கள், இரவெல்லாம் மேய்ந்திருக்கக்கூடும்.

இடம் என்றால் முதலில் மன்னார்ப் பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதி. அதையொட்டித்தான் வங்காலைச் சரணாலயம். 2008 இல் சரணாலயமானது, 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு 4,839 ஹெக்டேர். கடல் ஏற்றவற்றம் இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் தரை தட்டை, கொஞ்சம் வற்றினாலும் பெரிய வெளி திறக்கும். பாலத்தின் நடுவில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். முனையில் ஒதுக்கிவிட்டுச் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல். மத்தியான வெயிலில் கானல் அலையடித்து எல்லாப் பறவையும் நெளியும், அந்த நேரத்தை மன்னார் நண்டுக் கறிக்கு ஒதுக்குவது புத்தி. பூநாரைக் கூட்டமும் வாத்துகளும் கண்ணை இழுக்கும். இழுக்கட்டும், அவற்றின் காலடியில் நிற்பதையும் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தைவிட்டு நகர முடியாதவர்களுக்குப் பண்ணைப் பாலமும் மண்டைதீவுப் பக்கமும் பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் பாதையும் உண்டு. ஆனையிறவு, சுண்டிக்குளம் போனால் இன்னும் பெரிய வெளி.

மீனவர் வாடிகளில் வலையில் மீன் பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் "அண்ணை, உள்ளான் கூட்டம் இப்ப எங்க இறங்குது?" என்று கேளுங்கள். எந்த ஆப்பையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சேற்றில் உங்கள் இஷ்டத்துக்கு இறங்காதீர்கள், பார்க்கத் தரை மாதிரி இருக்கும், முழங்கால்வரை விழுங்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்காவது இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். முகாம், கடற்படைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோனை அனுமதி இல்லாமல் கிளப்பக் கூடாது, பறவைகளும் அதைக் கண்டு மிரண்டு எழும்பும்.

பிள்ளைகளுக்குக் கூட்டத்தைத் துரத்தி எழுப்ப ஆசை வரும். முக்கியமாக மாசி, பங்குனியில் விடாதீர்கள். திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பைச் சேர்க்கும் காலம் அது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரையும். அந்தக் காலத்தில் உள்ளான் கறி வைத்த கதையைப் பெரியப்பா யாராவது சொல்லக்கூடும். சுவையான கதைதான், ஆனால் 2024 இல் இந்த இனத்தை உலகளவில் அழிவாய்ப்புள்ள இனமாக, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் வைத்துவிட்டது. வழியில் தங்கி இரை தின்னும் சேற்றுவெளிகளை மூடிக் கட்டடம் எழுப்பியது ஒரு காரணம். மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். மேலும் காற்றாலைகள் வரக்கூடாது என்று அங்கே மக்கள் போராடுவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் பறவைகளின் வான்வழியும் ஒன்று.

கடைசியாக, கால்களைக் கவனியுங்கள். சிலவற்றுக்கு உலோக வளையமோ நிறக் கொடியோ மாட்டியிருப்பார்கள். அகப்பட்டால் படமெடுத்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்புங்கள், ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்திலும் ஏற்றுங்கள். தேதி, இடம், கொடியின் நிறம், எழுத்து இருந்தால் அது, வலக்காலா இடக்காலா, மூட்டுக்கு மேலா கீழா என்பதெல்லாம் குறிப்பில் இருக்கட்டும்.