புது பிக்கப் வெட்டி இழுக்கிறதா? கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் கியர் கடித்தால், பெரும்பாலும் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். கியர் போடும்போதா, வண்டியை எடுக்கும்போதா, ஒரே கியரில் போகும்போதா? எப்போது உதறுகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். கீழே உள்ளது மேனுவல் கியர் டீசல் வண்டிக்கு.

என்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்தபோது லேசாக விழுந்த கியர் ஓடும்போது முரண்டினால், கிளட்ச் முழுதாக விடவில்லை. நின்ற வண்டியில் கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள், கறகறவென்றால் உறுதி. முதல் குற்றவாளி பல நேரம் கால் மேட்தான். ஆசையாக வாங்கிப் போட்ட தடித்த மேட், பெடலுக்கு அடியில் மடிந்து கடைசி இரண்டு விரற்கடை மிதிக்க விடாது. அதை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பெடலை நாலைந்து முறை அடித்து மிதித்ததும் கெட்டிப்பட்டால் கிளட்ச் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும் கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்குங்கள். உள்ளே ஈரமென்றால் சீல் போய்விட்டது. கிளட்ச் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகை ஆயில் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். என்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பி மொத்த லைனும் வீண்.

அணைத்திருந்தும் இறுக்கமா? கியர் கேபிள் செட்டிங் பிசகியிருக்கலாம். ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால், அப்போதுதான் கியர்பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையத்தைச் சந்தேகிக்கலாம்.

காட்பாடி மேம்பால ஏற்றத்தில் லோடோடு எடுக்கும்போது வண்டி நடுங்கினால், கிளட்ச் தட்டு சூடேறி வழவழத்திருக்கலாம். பிரேக்கை விட்டுவிட்டு அரை கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் புதுத் தட்டையும் தின்றுவிடும். என்ஜின் மவுண்ட் தளர்ந்தாலும் இதே நடுக்கம் வரும்.

ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கையில் ‘டங்’ என்று இடித்தால், சமதரையில் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். கீழே, கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் திருகி, ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) யூ-போல்ட் நட்டுகளையும் விடாதீர்கள். லோடு ஏறி ஏறிப் பட்டை படிந்ததும் அவை தளரும்.

கிளட்சைத் தொடாமலே, ஜமுனாமரத்தூர் மலைப்பாதை போன்ற ஏற்றத்தில் வெட்டி வெட்டி இழுத்தால் கதை வேறு: டீசல் ஃபில்டரில் தண்ணீர், அல்லது டர்போ காற்றுக் குழாயின் கிளிப் தளர்வு. தண்ணீரை வடித்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

வாரண்டி இருக்கும்போது வெளி மெக்கானிக் கியர்பாக்ஸைத் திறந்தால் க்ளெய்ம் அடிபடலாம். சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் வெறும் ‘கியர் பிரச்சினை’ என்று எழுத விடாதீர்கள். ‘லோடோடு, என்ஜின் சூடான பிறகு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது’ என்று எழுத வைத்து, மெக்கானிக்கை அதே லோடோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காலி வண்டியில் ஓட்டினால் பாதிக் கோளாறு தெரியவே தெரியாது.