மூன்று பெட்ரோக்களைக் குழப்பாமல் வாசிப்பது எப்படி

காலி வீதியில் பஸ்ஸில் போனால் பீரிஸ் என்ற பெயர்ப்பலகை எத்தனை முறை கண்ணில் படும். அதுவும் பெட்ரோ வீட்டுப் பிள்ளைதான்: போர்த்துக்கேயர் கொண்டுவந்த பெயர், ‘பெட்ரோவின் மகன்’ என்று அர்த்தம். (பெரேராவை இதில் சேர்க்காதீர்கள், அது பேரிக்காய் மரம்.) கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய ஆட்கள் இராயப்பர் என்பார்களே, அதே பேதுருதான் இந்தப் பெட்ரோ.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1357 முதல் 1367 வரை போர்த்துக்கல், காஸ்டில், அரகோன் (பின்னிரண்டும் இன்றைய ஸ்பெயினில் இருந்த ராச்சியங்கள்) மூன்று நாட்டிலும் ராஜாவின் பெயர் பெட்ரோ. நான் முதலில் வாசித்தபோது யார் யாரோடு சண்டை பிடிக்கிறான் என்றே விளங்காமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எண்ணை நம்பாதீர்கள். அரகோனின் நான்காம் பெட்ரோவே கட்டலன்காரர் (பார்சிலோனாப் பக்கத்தவர்) கணக்கில் மூன்றாமவர், ஏனென்றால் அரகோனில் முதலாம் பெட்ரோ ஆண்ட காலத்தில் பார்சிலோனா அவர் கையில் இல்லை. பட்டப்பெயரும் உதவாது. காஸ்டில் பெட்ரோவை எதிரிகள் ‘கொடியவன்’ என்றார்கள், வேண்டியவர்கள் ‘நீதிமான்’ என்றார்கள். போர்த்துக்கல் பெட்ரோவுக்கும் இதே இரண்டு பட்டமும் உண்டு!

கைகொடுப்பது நம் உறவுமுறைதான். ஒரு கொப்பியை எடுத்து நடுவில் போர்த்துக்கல் பெட்ரோவை எழுதுங்கள். ஒரு பக்கம் அக்கா மரியா, மறுபக்கம் தங்கை லியோனோர். அக்காவைக் காஸ்டிலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவள் மகன்தான் காஸ்டில் பெட்ரோ. தங்கை 1347இல் அரகோன் பெட்ரோவைக் கட்டினாள், அடுத்த வருடமே கொள்ளைநோயில் போய்விட்டாள். ஆக ஒருவன் மருமகன், ஒருவன் மச்சான். 1356இல் காஸ்டிலுக்கும் அரகோனுக்கும் மூண்ட ‘இரண்டு பெட்ரோக்களின் போர்’ என்பது, காஸ்டில்காரன் பக்கம் நின்று பார்த்தால், செத்துப்போன சித்தியின் புருஷனோடு பிடித்த சண்டை.

அப்புறம் ஆளுக்கொரு படம் மனதில் ஒட்டுங்கள். போர்த்துக்கல்காரனுக்கு இனேஸ். அவன் காதலித்த அந்தப் பெண்ணை 1355இல் அவன் அப்பாவே ஆள் வைத்துக் கொன்றார். முடிசூடிய பிறகு கொலையாளிகளில் இருவரைப் பிடித்து இதயத்தைப் பிடுங்கவைத்தான் என்கிறது பழைய வரலாற்றேடு. பிணத்தைச் சிம்மாசனத்தில் இருத்தி முடிசூட்டினான் என்பது பின்னால் வந்த கட்டுக்கதை, அதை விடுங்கள். போர்த்துக்கல்லின் அல்கொபாசா மடத்தில் பாதத்துக்குப் பாதம் எதிராக வைத்த அவர்கள் இருவரின் கல்லறைகள் போதும். காஸ்டில்காரனுக்கு மொந்தியேல்: 1369இல் அங்கே அப்பாவுக்கு வேறு பெண்ணிடம் பிறந்த அண்ணன் என்ரிக்கேயின் கையால் செத்தான். அரகோன்காரர் சடங்குப் பிரியர், அரண்மனைக்கே விதிப்புத்தகம் எழுதவைத்தவர், 1336 முதல் 1387 வரை ஆண்டு கட்டிலில் செத்தவர்.

நாட்டின் பெயர் இல்லாமல் வெறும் பெட்ரோ என்று வந்தால் வருடத்தைப் பாருங்கள். 1350க்கு முந்தியோ 1369க்குப் பிந்தியோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு மச்சான் என்று குறித்துவிடலாம்.