தொடைச் சதை வயிற்றுச் சுவராகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்து, பெரிய கட்டியை அகற்றிய பின் விழும் பள்ளம், சதையை அழுகவைக்கும் கிருமித்தொற்று, தைக்கத் தைக்க மறுபடி வரும் குடலிறக்கம். காரணம் எதுவானாலும், வயிற்றின் முன்பக்கம் பெரிதாகத் திறந்துகிடந்து பக்கத்துத் திசுவை இழுத்து மூட வழியில்லாதபோது, 'தொடையிலிருந்து சதை எடுத்து வைக்கலாம்' என்ற பேச்சு வார்டில் எழும். நல்ல வழிதான். ஆனால் இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கத்தியை எடுக்கும் முன்பே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, ஓட்டையைத் தோலின் ஓட்டையாக மட்டும் பார்ப்பது. குடலைத் தாங்குவதும், இருமும்போதும் முக்கும்போதும் எழும் அழுத்தத்தைத் தாங்குவதும் தசையும் அதைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா என்ற உறுதியான படலமும்தான். மேலே தோலும் கொழுப்பும் மட்டும் வைத்தால் புண் மூடும். சில மாதங்களில் வயிறு பிதுங்கி வெளியே வரும். தொடை இதற்குப் பொருத்தமாக இருப்பதே அதன் வெளிப்பக்கத்தில் கெட்டியான ஃபேசியா லேட்டா என்ற படலம் இருப்பதால். இரத்த ஓட்டத்தோடு கூடிய அந்தப் படலத்தைக் கொண்டு வயிற்றுச் சுவரைச் சரிசெய்யும் முறையை 1934-லேயே அறுவை மருத்துவர் வாங்கன்ஸ்டீன் எழுதிவிட்டார். இன்று அதிகம் கைகொடுக்கும் முன்-வெளித்தொடை ஃப்ளாப் (தன் இரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் வைக்கும் திசுத்துண்டு) 1984-ல் சீனாவில் சாங் குழுவினர் விவரித்தது. தோலோடு சேர்த்து அகலமான ஃபேசியாவையும் எடுத்து, அதை வயிற்றின் ஆரோக்கியமான ஃபேசியா ஓரத்தோடு தொய்வில்லாமல் தைக்க வேண்டும். புண் சுத்தமாக இருந்தால் அடியில் வலையும் (மெஷ்) வைக்கலாம். சீழோ மலக்கசிவோ உள்ள இடத்தில் நிரந்தரச் செயற்கை வலையை வைப்பது, பின்னாளில் அதை வெட்டி எடுக்க நாள் குறிப்பதற்குச் சமம்.

அடுத்தது அவசரம். திறந்த வயிற்றைத் தற்காலிகமாகத் தோல் ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்த மெல்லிய தோல்) வைத்து மூடியிருந்தால், அந்தத் தோல் குடலோடு பசைபோல ஒட்டியிருக்கும். அந்த நிலையில் பிரித்தால் குடலில் ஓட்டை விழும். பொதுவாக 6 முதல் 12 மாதம் வரை காத்திருப்பார்கள். ஒட்டிய தோலைக் கிள்ளித் தூக்கினால் அடியிலிருந்து தனியாக எழும்ப வேண்டும். அதுதான் நேரம் வந்ததற்கான அடையாளம்.

தேவையில்லாத இடத்தில் தொடையைத் தொடுவதும் தவறுதான். 1990-ல் அறுவை மருத்துவர் ராமிரெஸ் விவரித்த முறையில் வயிற்றுத் தசை அடுக்குகளைப் பிரித்தால், இடுப்பு மட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. வரை நடுவுக்கு வரும். தோல் போதுமான அளவு இருந்தால் அதுவே போதும்.

இரத்தக்குழாய் விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி மேல் ஓரம் வரை ஒரு கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. வட்டத்துக்குள், பெரும்பாலும் கீழ்-வெளிக் கால்பகுதியில், தோலுக்கு இரத்தம் தரும் கிளைகள் வரும். டாப்ளர் என்ற, இரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் கருவியில் அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கிளைகள் தசைக்குள் புகுந்துதான் மேலே வருகின்றன. தசைகளுக்கு இடையே வரும் என்று நம்பி வேகமாகப் பிரித்தால் அறுந்துபோகும். இன்னொன்று நெஞ்சில் நிற்க வேண்டியது: புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, காலின் முக்கியத் தமனி அடைத்தவர் என்றால், நாம் எடுக்க நினைக்கும் இதே குழாய்தான் கீழ்க்காலுக்கு மாற்றுப் பாதையாக இரத்தம் கொண்டுபோய்க்கொண்டிருக்கலாம். அதை எடுத்தால் வயிறு மூடும், கால் போய்விடும். இப்படிப்பட்டவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோ (இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) பார்க்காமல் தொடங்கவே கூடாது.

ஃப்ளாப் எட்டும் தூரத்தைக் கண்ணளவில் முடிவுசெய்யாதீர்கள். அடிவயிற்றுக்குக் குழாயோடு திருப்பி வைப்பது எளிது. தொப்புளுக்கு மேலே போகப் போக இழுவை கூடும். தொடையின் முன்பக்கத்து ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசைக்கு அடியில் நுழைத்துக் கொண்டுபோனால் கொஞ்சம் நீளம் கிடைக்கும். அப்போதும் எட்டாவிட்டால் இழுத்துத் தைக்காமல், குழாயைத் துண்டித்து நுண்ணறுவையில் வேறு குழாயோடு இணைப்பதே சரி. தொடையின் வெளிப்பக்க மேல்தசையோடு எடுக்கும் டென்சர் ஃபேசியா லேட்டா ஃப்ளாப்பில் மேலும் கவனம் வேண்டும்: அதன் கடைசி மூன்றில் ஒரு பகுதித் தோலை நம்ப முடியாது, மூட வேண்டிய முக்கியமான இடத்தில் அந்த நுனிதான் கறுத்துப்போகும். ரெக்டஸ் ஃபெமோரிஸ் தசையையே எடுத்தால் முழங்காலை முழுதாக நீட்டும் பலம் குறையலாம். அப்போது அதன் இருபக்கத்திலும் உள்ள தொடைத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைக்காமல் விடுவது தவறு.

வெளியே வெகுநாள் இருந்த குடலை உள்ளே தள்ளி இறுக்கமாக மூடினால் மூச்சுத் திணறும், சிறுநீர் குறையும். மூத்திரப்பை வழியாக அளக்கும் வயிற்றின் உள் அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி, உறுப்புகளும் தளர ஆரம்பித்தால் தையலைத் தளர்த்தத் தயங்கவே கூடாது. தொடையிலும் இதே கதை: சுமார் 8 செ.மீ.க்கு மேல் அகலம் எடுத்தால் வலிந்து மூடாமல் தோல் ஒட்டு வைத்துவிடுங்கள்.

முதல் 2, 3 நாள் இரவுகள்தான் கடினமானவை. ஃப்ளாப் நீலம் பாய்ந்து, அழுத்தி விட்டால் சட்டென்று நிறம் திரும்பினால் சிரையில் அடைப்பு. வெளிறிச் சில்லிட்டிருந்தால் தமனியில். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட ஃப்ளாப்புகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வயிறு பிதுங்கும் என்ற பயத்தில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது இன்னொரு தவறு. குழாய் போகும் இடத்தின் மேல் அது அழுத்தவே கூடாது.

வீட்டாருக்கு ஒன்று. ஒட்டிய தோலிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் உணர்ச்சி குறைவாக இருக்கும். வலிக்கிறது என்று வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுத்தால், சுடுவது அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும்.