வான் சாவியைக் கையில் வாங்குமுன்

ஊரிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து, தெரிந்தவர் ஒருவரின் கடைக்குச் சாமான் ஏற்ற வான் ஓட்டப்போகும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

சாரதி அனுமதிப்பத்திர விஷயத்தை விரைவாக முடித்துவிடுகிறேன். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்துடன் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் காரோ 3.5 தொன் வரையான வானோ ஓட்டலாம். அதற்குள் இங்கத்தைய பரீட்சைகளை முடியுங்கள். காப்புறுதி கடை வேலைக்கும் உங்கள் பெயருக்கும் சேர்த்துத்தான் இருக்கிறதா என்று காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளியின் வாய்ச்சொல் போதாது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்தால் 200 பவுண்ட் தண்டம், அனுமதிப்பத்திரத்தில் 6 தண்டப் புள்ளி. இங்கே தேறிய முதல் 2 வருடத்தில் 6 புள்ளி சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே போய்விடும்.

என்னைச் சுட்டது எடை.

ஊரில் லொறி எவ்வளவு தாழ்ந்து போகிறதோ அவ்வளவு நல்ல வியாபாரம் என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். மொத்த வியாபாரக் கடையில் 20 கிலோ அரிசி மூட்டை 75 ஏற்றினோம். மேலே எண்ணெய், தேங்காய்ப்பால் தகரம், பருப்பு. வானில் இடம் இன்னும் இருந்தது, அதுதான் ஏமாற்றும். இத்தகைய வான்களின் மொத்த எடை, வண்டி, சாரதி, சாமான் எல்லாம் சேர்த்து, 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் வண்டியே 2,000 கிலோவுக்கு மேல் என்றால், மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கதவுச் சட்டத்திலோ எஞ்சின் மூடிக்குக் கீழோ ஒரு தகடு இருக்கும். அதில் முதல் எண் மொத்த எடை, கடைசி இரண்டு எண்கள் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உரிய எடை. மொத்தம் சரியாக இருந்தாலும் ஓர் அச்சு மீறினால் அதுவும் குற்றம்.

நெடுஞ்சாலையில் சோதனை வண்டி ஒன்று முன்னால் வந்து பின்தொடரச் சொன்னது. எடைமேடை காட்டியது 4,060. அதாவது 16 சதவீதம் அதிகம். 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 100 பவுண்ட் தண்டம், 15 வரை 200, அதற்கு மேல் 300. 30 சதவீதத்தைத் தொட்டால் நீதிமன்றம். தண்டச் சீட்டு எழுதப்பட்டது முதலாளியின் பெயரில் அல்ல, என் பெயரில்.

ஊரில் பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுத் தருவார், நாங்கள் தபாலகத்தில் கட்டிவிட்டு மீட்போம் அல்லவா? இங்கேயும் நாள் தருவார்கள் என்று நினைத்தேன். தருகிறார்கள்தான், 28 நாள். ஆனால் நம்பத்தக்க பிரித்தானிய முகவரி இருப்பவருக்கு. என் அனுமதிப்பத்திரத்தில் இருந்தது யாழ்ப்பாண முகவரி. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மாமா வீட்டு அறையில் இருந்தேன். என் பெயரில் ஒரு கடிதம்கூட அந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஆகவே அங்கேயே பணம். கட்டும்வரை வண்டிக்குப் பூட்டு, பூட்டை எடுக்க இன்னும் 80. மழையில் நின்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கடன் கேட்ட அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். "ஐயா, பார்த்துச் செய்யுங்கள்" என்று தொடங்கிவிடாதீர்கள். சோதனை அதிகாரி கோபப்படவில்லை, இரங்கவும் இல்லை. மரியாதையாகப் பற்றுச்சீட்டுத் தந்தார்.

பணம் கட்டியும் வண்டி நகராது, மேலதிக எடை இறங்கும்வரை. 560 கிலோ என்றால் 28 மூட்டை. நண்பன் இன்னொரு வானைக் கொண்டுவந்தான். தோளில் ஈர அரிசிச் சாக்கு மணத்தபோது சின்ன வயதில் அப்பாவோடு கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போனது நினைவுக்கு வந்து, வீணாக அழுகை வந்தது.

ஆகவே வந்தவுடன் வங்கிக் கணக்கைத் தற்போதைய முகவரியில் திறவுங்கள். பயிலுநர் அனுமதிப்பத்திரத்துக்கும் அதே முகவரியில் விண்ணப்பியுங்கள், வங்கிக் கடிதத்தையும் அந்தப் பத்திரத்தையும் வானில் வைத்திருங்கள். அந்த முகவரியை ஏற்றுக்கொள்வது அதிகாரியின் முடிவு. ஆனாலும் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல். ஏற்றிய சாமானில் சந்தேகம் இருந்தால் பொது எடைமேடைக்குப் போங்கள். குற்றச்சாட்டு தவறு என்று நினைத்தால், பணம் கட்டிய பிறகும் நீதிமன்றம் கேட்க 28 நாள் உண்டு.

பிறகு லொறிக்கு மாறுபவர்கள் ஓய்வு நேரக் கணக்கைப் படியுங்கள்: நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. 2018 மார்ச்சிலிருந்து கடந்த 28 நாள் தவறுகளையும் சேர்த்து ஒரே நிறுத்தத்தில் 1,500 பவுண்ட் வரை அதிகாரிகள் தண்டம் எழுதலாம்.

என் முதலாளி அன்றைய தண்டத்தில் பாதி தருவதாகச் சொன்னார். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.