ஐந்து பாலம், ஏழு ஊர்: திருவையாற்றைச் சைக்கிளில் சுற்ற ஒரு வழி

தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பார்த்த கையோடு காரில் கும்பகோணம் பக்கம் பறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். வடக்கே பதிமூன்று கிலோமீட்டர் தள்ளித் திருவையாறு இருக்கிறது. அதைச் சுற்றி இன்னும் ஆறு ஊர், ஒவ்வொன்றிலும் பாடல் பெற்ற சிவன் கோயில். ஏழையும் சேர்த்துச் சப்தஸ்தானம் என்பார்கள், ஊர்க்காரர்களுக்கு அது ஏழூர். சித்திரை மாதம் திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் ஏறி, நந்தியையும் அவர் மனைவி சுயசாம்பிகையையும் கூட்டிக்கொண்டு இந்த ஊர்களையெல்லாம் சுற்றி வருவார். ஆட்கள் தோளில் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தே முடிக்கிற சுற்று அது. அதனால்தான் சைக்கிளுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. காரில் போனால் கதவைத் திறந்து மூடுவதிலேயே பொழுது போய்விடும்.

முதலில் கதையைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள், ஊர்ப் பெயர்கள் தானாக மனதில் நிற்கும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். அதற்குச் சாப்பாடு வந்தது திருச்சோற்றுத்துறையிலிருந்து, பழம் திருப்பழனத்திலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் திருநெய்த்தானத்திலிருந்து, வேதம் ஓதுகிறவர்கள் திருவேதிகுடியிலிருந்து, பாத்திர பண்டமெல்லாம் திருக்கண்டியூரிலிருந்து. உதவி செய்த ஊர்களுக்கு நன்றி சொல்லத்தான் சித்திரையில் பல்லக்கு வருகிறது என்பது இங்கே வழிவழியாகச் சொல்வது.

எப்போது வரலாம் என்றால், என் ஓட்டு தை, மாசிக்கு. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வடகிழக்குப் பருவமழை சாலையையே வாய்க்காலாக்கிவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அந்தத் தண்ணீர் சில நாளில் கல்லணை வந்து, அங்கிருந்து பிரித்து விடப்படும்; வெறும் மணலாகக் கிடந்த ஆற்றில் புதுத் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருவதை ஒரு முறையாவது பார்க்க வேண்டும், அதற்காகவே ஆனியில் வரலாம். ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் மேற்கேயிருந்து கிழக்கே ஓட்டுகிற மாதிரித் திட்டம் போடுங்கள், எதிர்த்து மிதித்தால் சமதரையிலேயே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். தையில் தியாகராஜ ஆராதனை நடக்கிற நாட்களில் திருவையாற்றில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், பாட்டுக் கேட்க வருவதானால் முன்கூட்டியே தஞ்சாவூரில் அறை போட்டுவிடுங்கள்.

சைக்கிள் எதுவானாலும் பரவாயில்லை. டெல்டா முழுக்கச் சமதரை, கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. அதன் டயரும் டியூப்பும் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். கியர் சைக்கிளில் வருகிறவர்கள் தங்கள் அளவுக்கு இரண்டு டியூப் கையோடு கொண்டுவர வேண்டும். மெல்லிய வால்வாக இருந்தால் கடைப் பம்பு அதில் உட்காராது, சொந்தப் பம்பு வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேதிகுடிக்குப் போகிற வழியில், உச்சி வெயிலில், சீமைக் கருவேல முள் பின்டயரில் ஏறிவிட்டது. கொண்டுவந்திருந்த ஒரே டியூப்பை அன்று காலையிலேயே மாற்றியாயிற்று. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். பெரியவர் தட்டுத் தண்ணீரில் டியூப்பை அமுக்கிக் குமிழ் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டியும் கொடுத்துவிட்டார், காற்றடிக்கத்தான் வழியில்லை. ஒட்டின டியூப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கரைப் பாதையில் இறங்கி ஏறினால் டயரை ஒரு சுற்றுச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள், முள் பாதி ஏறியிருக்கும்போதே பிடுங்கிவிடலாம்.

அப்புறம் பையில் ஒரு வேட்டி அவசியம். அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போக வேண்டாம், மேலே சுற்றிக்கொண்டால் போதும்.

காலை ஐந்தரைக்குத் தஞ்சாவூரில் கிளம்புங்கள். இந்தச் சாலையில் பஸ்ஸும் லாரியும் எட்டு மணிக்கு மேல் ஓரம் விடாது. கரந்தை, பள்ளியக்ரஹாரம், அம்மன்பேட்டை, கண்டியூர் என்று போகிற வழியில் பாலங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐயாறு என்ற பெயரே இந்த ஐந்து ஆறுகளால் வந்தது என்பார்கள். வெண்ணாறு கல்லணையில் காவிரியை விட்டுப் பிரிகிறது. வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. குடமுருட்டி காவிரியின் கிளை. ஆக ஐந்து பாலத்துக்கு அடியிலும் ஓடுவது ஒரே தண்ணீர். ஒவ்வொரு பாலத்திலும் ஒரு நிமிஷம் காலை ஊன்றி நில்லுங்கள். குடமுருட்டிப் பாலத்தில் நான் நின்ற அன்று தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல், நல்ல வேகத்தோடு போனது, மதகுச் சுவரில் ஒரு மீன்கொத்தி. அடுத்த பாலம் காவிரி, அது எவ்வளவு அகலம் என்று அங்கே போய் நிற்கும்போதுதான் உறைக்கும்.

பல்லக்கு போகிற வரிசை திருப்பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம், மறுபடி திருவையாறு. நாம் அதே வரிசையில் போக முடியாது, பல்லக்கு ஆற்றுக்குள் இறங்கிக் கடக்கும். சைக்கிளுக்கு நான் சொல்வது, காலையில் வடகரை மூன்று, மாலையில் தென்கரை நான்கு.

முதலில் நேராகத் தில்லைஸ்தானம் போய்விடுங்கள், திருநெய்த்தானத்துக்கு இன்றைய பெயர் அதுதான். திருவையாற்றிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. சின்னக் கோயில், சுவரெல்லாம் கல்வெட்டு. ஆதித்த சோழனும் சேர மன்னன் தாணு ரவியும் சேர்ந்து விக்கியண்ணன் என்பவருக்குக் கொடுத்த சிறப்புகளைச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து மேலெழுந்து தெரியும், பத்து மணிக்கு மேல் பார்த்தால் வெறும் சுவர்.

அங்கிருந்து திரும்பித் திருவையாறு. ஐயாறப்பர் கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அப்பருக்குக் கயிலைக் காட்சி கிடைத்த தலம், ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. வளாகத்துக்குள்ளேயே முதலாம் ராஜராஜனின் தேவி லோகமாதேவி எடுத்த வட கயிலாயம் இருக்கிறது, அவசரத்தில் நிறையப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள். பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டால் ஏழு தரம் எதிரொலிக்கும் என்பார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், குரல் சுவரில் பட்டுத் தேய்ந்து தேய்ந்து திரும்பி வரும். தியாகராஜர் சமாதி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. அவர் மறைந்தது 1847இல். இன்று நாம் பார்க்கிற சமாதிக் கோயிலை எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்த அம்மா தன் சொத்தைப் போட்டுக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிற அல்வா, வாழை இலைத் துண்டில் சூடாக வைத்துத் தருவார்கள், விரலில் நெய் வழியும். பிறகு கும்பகோணம் சாலையில் நான்கு கிலோமீட்டர் மிதித்தால் திருப்பழனம். அதைப் பதினொன்றரைக்குள் பார்த்துவிட வேண்டும். இங்கே கோயில்கள் பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். நடுப்பகலில் ஓட்டவே ஓட்டாதீர்கள். திருவையாற்றுக்குத் திரும்பிச் சாப்பிட்டு, நிழலில் ஒரு தூக்கம் போடுங்கள்.

மூன்றரைக்குக் கண்டியூர் பக்கம். சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் ஒன்று இது, பிரமனின் தலையை அவர் கொய்த இடம்; சரஸ்வதியோடு இருக்கும் பிரமனின் சிலையை விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டரில் பூந்துருத்தி. அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்த ஊர். சம்பந்தர் பல்லக்கில் வருகிறார் என்று கேள்விப்பட்டு, கூட்டத்துக்குள் புகுந்து அந்தப் பல்லக்கைத் தன் தோளிலேயே தாங்கி வந்தாராம் அந்த வயதில். ஏழூர்ப் பாதையில் போகும்போது இந்தக் கதை மனதை என்னவோ செய்கிறது. பிறகு கண்டியூருக்கே திரும்பி, கிழக்கே வேதிகுடி, கடைசியாகக் குடமுருட்டிக் கரையில் சோற்றுத்துறை. இந்த இரண்டும் அமைதியான ஊர்கள். நடை சாத்தியிருந்தால் குருக்கள் வீடு எது என்று தெருவில் கேளுங்கள், பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், பொறுமையாகத் திறந்து காட்டுவார். தட்டில் தாராளமாகப் போடுங்கள், அங்கே வருமானம் மிகவும் குறைவு.

வழியில் சாலையிலேயே நெல் காய வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒரு வீட்டின் ஆறு மாத உழைப்பு. வைக்கோலைப் பரப்பியிருந்தாலும் சுற்றிப் போவதே நல்லது, செயினில் சிக்கிச் சுருட்டிக்கொண்டால் எடுக்க அரை மணி ஆகும். ஆற்றில் குளிக்க ஆசை வரும்தான், ஆனால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்கவே கூடாது. மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைக்கிற அடுத்த அடியில் தலை முங்கிவிடும்.

சோற்றுத்துறையிலிருந்து இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். மறுநாளும் கையில் இருந்தால் திருவையாற்றிலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே கல்லணைக்குப் போங்கள், முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். கரிகாலன் கட்டியது என்று சொல்லப்படும் அணை, 329 மீட்டர் நீளம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். நேற்று எண்ணிய பாலங்களின் தண்ணீர் புறப்படுகிற இடம் இதுதான். அங்கிருந்து திருச்சி பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், சைக்கிளோடு அங்கேயே ரயில் ஏறிவிடலாம். ஆனி, ஆடியில் வருகிறவர்கள் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்: முதல் நாள் திருச்சியில் தொடங்கிக் கல்லணை வழியாகத் திருவையாறு. காற்று முதுகைத் தள்ளும், அசோகா ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.