பதனிட்ட தோலில் குரோமியம்-6 சோதனை

குரோம் முறையில் பதனிடும்போது தோலுக்குள் ஏற்றப்படுவது குரோமியம்-3 உப்பு. அது தோலின் நாரோடு இறுகப் பிணைந்துகொள்வதால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. அரிப்பையும் தடிப்பையும் முதன்மையாகக் கிளப்புவது, அதே உப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் குரோமியம்-6. வெப்பம், வெயில், வறண்ட காற்று, மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகள் ஆகியவை இம்மாற்றத்தைத் தூண்டும் என்பதால், ஆலையை விட்டு வெளிவரும் நாளில் சோதனையில் தேறிய தோல், கிடங்கில் இருந்தபடியே பின்னர் சோதனையில் தோற்றுப்போகலாம்.

ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை உள்ளபடியே சோதியுங்கள். மறுபாதியை 80 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் குறைந்த அடுப்பில் 24 மணி நேரம் வைத்து முதுமையாக்கிய பின் சோதியுங்கள். செலவைக் காரணம் காட்டிப் பலர் கைவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். என் கணிப்பில், கூடுதலாகச் சொல்லித் தருவதும் அதுவே.

இச்சோதனைக்கான பன்னாட்டுத் தரமுறையான ஐஎஸ்ஓ 17075-இன்படி, சூடேறாமல் அரைத்த தோல் தூளில் 2 கிராம் எடுத்து, ஆர்கான் அல்லது நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜன் நீக்கிய 100 மில்லிலிட்டர் பாஸ்பேட் கரைசலில் 3 மணி நேரம் குலுக்க வேண்டும். கரைசலின் பிஎச் 7.5-க்கும் 8-க்கும் இடையில் நிற்பது இன்றியமையாதது. அமிலத்தன்மை மிகுந்தால் இருக்கும் குரோமியம்-6 ஒடுக்கமடைந்து மறைந்துவிடும்; காரத்தன்மை மிகுந்தால் இல்லாத குரோமியம்-6 குடுவையிலேயே பிறக்கும். எனவே குலுக்கி முடித்ததும் பிஎச்சை மீண்டும் அளக்க வேண்டும்.

கரைசலை வடிகட்டி, அந்த வடிநீரில் பாஸ்பாரிக் அமிலமும் நிறம் காட்டும் வினைப்பொருளான டைஃபீனைல்கார்பசைடும் சேர்த்தால், குரோமியம்-6 இருப்பின் செவ்வூதா நிறம் தோன்றும். கால் மணி நேரம் கழித்து 540 நானோமீட்டரில் அளக்கலாம். கறுப்பு, சிவப்புத் தோல்களில் சாயமும் சேர்ந்து கரைந்து வருவதால், வடிநீரை முதலில் நிறம் பிடிக்கும் குழாயில் செலுத்தி, வினைப்பொருள் சேர்க்காத ஒரு பகுதியையும் அளந்து கழிக்க வேண்டும். அப்படியும் நிறம் போகவில்லையெனில் கரைந்துள்ள அயனிகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் அயனி நிறப்பகுப்பு முறைக்கு மாறுவதே நேர்மை. தெரிந்த அளவு குரோமியம்-6-ஐ வடிநீரில் சேர்த்து, அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காவிட்டால் தோலிலுள்ள ஏதோ ஒன்று அதை விழுங்குகிறது.

முடிவை உலர் எடையின் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுத வேண்டும். சருமத்தில் படும் தோற்பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விற்க முடியாது. ஈரப்பஞ்சில் வினைப்பொருள் தொட்டுத் தேய்த்துப் பார்க்கும் விரைவுச் சோதனை முதற்கட்ட வடிகட்டலுக்கு மட்டுமே உதவும். நிறம் வராததைச் சான்றிதழாகக் கொள்ளலாகாது.

ஒருவருக்கு ஒவ்வாமை உண்டா என்பது தனிக் கேள்வி. சரும மருத்துவர் 0.5 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட்டை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்து, பின்னொரு நாளிலும் பார்த்தே அதைத் தீர்மானிப்பார். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழும் தடிப்பு எழலாம் என்பதால், அவர்களுக்கான செருப்பையும் கையுறையையும் குரோம் இல்லாமல் பதனிட்ட தோலில் செய்து, அதில் மொத்தக் குரோமியத்தையும் அளந்து பார்ப்பது நல்லது.