மூன்று வருடக் கல்யாணம், பிள்ளை இல்லை: சொத்துப் பிரிக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

கல்யாணமாகி மூன்று வருடம்தான், பிள்ளையும் இல்லை, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. நீதிமன்றம் சமமாகப் பிரிக்கவே சாயும். ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள், வீட்டை யார் கவனித்தார்கள், இருவருக்காகவும் வாங்கிய கடன் எவ்வளவு, மணவாழ்வு எத்தனை ஆண்டு என்பதையெல்லாம் முதலில் பார்க்கும். கடைசியாகச் சொன்னது குறுகிய மணவாழ்வில் முக்கியம்.

பெரிய தவறு வீட்டில்தான். கோலாலம்பூர் செந்தூலில் 4,50,000 வெள்ளி கொண்டோ, 4,05,000 கடன், 35 வருடம், 4.2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,840. மூன்று வருடத்தில் 66,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்தது 16,000 சொச்சம்தான். மீதி வட்டி. 'நான் 33,000 கட்டினேன், திருப்பிக் கொடு' என்று சண்டை போடுவது இல்லாத பணத்துக்கான சண்டை. சந்தை விலையிலிருந்து கடன் பாக்கி, முகவர், வழக்கறிஞர் கட்டணம், கடனை முன்கூட்டியே முடிக்கும் அபராதம் எல்லாம் கழித்த பிறகு நிற்பதுதான் பிரிக்க வேண்டியது. வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரியும் உண்டு. நான்காம் ஆண்டில் அது 20 ஆகிறது.

அடுத்தது, 'வீடு உனக்கு, தவணையும் நீயே கட்டு' என்று எழுதிக்கொண்டு நிம்மதியாக இருப்பது. கடன் இருவர் பெயரிலும் இருந்தால் அந்த ஒப்பந்தம் வங்கியைக் கட்டாது. அவர் தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையிலும் ஏறும். வங்கி எழுத்துமூலம் உங்களை விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் தன் பெயரில் மட்டும் மறுகடன் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கெடு வைத்து, தவறினால் வீட்டை விற்பது என்றும் மணவிலக்கு மனுவிலேயே எழுதுங்கள். சொத்துப் பங்கை மனுவில் கேட்காமல், தீர்ப்பு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து.

கல்யாணத்துக்கு முன் வாங்கியது பொதுவாக வாங்கியவருக்கே. மணவாழ்வின்போது மற்றவரோ இருவரும் சேர்ந்தோ அதைக் கணிசமாக மேம்படுத்தியிருந்தால்தான் பங்கு பேச்சு வரும். ரசீது இல்லாத புதுப்பிப்பு வேலையை வைத்து வாதாடுவது கஷ்டம்.

நகையை எடை, ரசீது, படத்தோடு பட்டியல் போடுங்கள். அடகில் இருந்தால் சீட்டு யார் கையில் என்று பாருங்கள். மீட்கும் கெடு ஆறு மாதம்.

இருவரும் சம்மதித்தாலும் மணநாளிலிருந்து இரண்டு ஆண்டு முடியாமல் மனு போட முடியாது. அசாதாரணச் சூழ்நிலையோ துன்பமோ இருந்தால் மட்டுமே விலக்கு. அந்த இடைவெளியில் கூட்டுக் கணக்கையும் துணை கிரெடிட் கார்டையும் திறந்தே வைத்திருப்பவர்கள் பிறகு புலம்புகிறார்கள். வங்கி அறிக்கைகளை அப்போதே இறக்கி வையுங்கள்.

மணவிலக்கு ஆனாலும் உயில் தானாக ரத்தாகாது. ஊழியர் சேமநிதியான கேடபிள்யூஎஸ்பியில் வாரிசாகப் போட்ட பெயரும் அப்படியே நிற்கும். இரண்டையும் நீங்களே மாற்ற வேண்டும்.